கட்டிலிலிருந்து கழிவறை வரை: பக்கவாதம் வந்தவர் ஏன் கீழே விழுகிறார்?

பக்கவாதம் வந்து மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய பெரியவர் ஒருவரை வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றினார்கள். சுற்றி முடித்ததும் அவருடைய அக்கா, "வலது காலை எடுத்து வைத்து உள்ளே வாப்பா" என்றார். அவருக்குச் செயலிழந்திருந்தது வலது பக்கம். அக்கா சொல்லைத் தட்டாமல் அந்தக் காலையே தூக்கினார். பாதம் முழுதாக மேலே வரவில்லை. கட்டைவிரல் படியின் விளிம்பில் இடித்து உடம்பு முன்னால் சரிந்தது. மகன் இடுப்பைப் பிடித்திருந்ததால் விழவில்லை. இயன்முறை மருத்துவராக நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இதை முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

படி ஏறும்போது நல்ல கால்தான் முதலில் போக வேண்டும். முதலில் மேலே போகும் கால்தான் உடம்பின் எடை முழுவதையும் தூக்குகிறது. இறங்கும்போது பாதித்த கால் முதலில் இறங்க வேண்டும். அப்போது எடையைத் தாங்கி மெல்ல இறக்கிவிடுவது மேல்படியில் நிற்கும் நல்ல கால். ஆகவே வலது பக்கம் பாதித்தவர் இடது காலை வைத்துத்தான் தன் வீட்டுக்குள் வர வேண்டும். அதில் எந்தக் குறையும் இல்லை.

பக்கவாதத்தை நம் ஊர்களில் "கை கால் விழுந்துவிட்டது" என்று சொல்வார்கள். அந்த முதல் அடிக்குப் பிறகு, உயிர் பிழைத்து, மெல்ல எழுந்து நடக்கத் தொடங்கும் வேளையில் நிஜமாகவே தரையில் விழும் ஆபத்து வருகிறது. இது அரிதாக நடப்பதில்லை. இங்கிலாந்தில் நடந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 108 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். அவர்களில் 79 பேர் குறைந்தது ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். விழுந்தவர்களில் பலர் ஒரு முறையோடு நிற்கவில்லை.

மருத்துவக் குறிப்பேட்டில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக எழுதுகிறோம். ஒன்று விழும் அபாயம். மற்றொன்று அன்றாடச் செயல்திறன், அதாவது சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது போன்றவற்றைத் தானே செய்துகொள்ளும் திறன். குறிப்பேட்டில் பிரிந்திருந்தாலும் வீட்டில் இவை ஒன்றாகவே நடக்கின்றன. நடைப்பயிற்சி செய்யும்போது யாரும் அவ்வளவாக விழுவதில்லை. அப்போது ஆள் பக்கத்தில் இருக்கிறார், மனமும் காலில் இருக்கிறது. விழுவது வேட்டியை இறுக்கும்போது, சோப்புக்குக் கையை நீட்டும்போது, அவசரமாகச் சிறுநீர் கழிக்க எழும்போது. யாராவது விழுந்தார் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் கேட்பது, "அப்போது அவர் என்ன செய்யப் போனார்?" என்பதைத்தான்.

அன்றாடச் செயல்திறனை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் பழைய அளவுகோல்களில் ஒன்று பார்தெல் அளவுகோல். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஃபுளோரன்ஸ் மகோனி, டோரத்தியா பார்தெல் என்ற இருவர் 1965-இல் வெளியிட்டார்கள். பத்துச் செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவதற்கு 10, குளிப்பதற்கு 5, முகம் கழுவித் தலைவாரிக் கொள்வதற்கு 5, உடை உடுத்துவதற்கு 10, மலத்தை அடக்குவதற்கு 10, சிறுநீரை அடக்குவதற்கு 10, கழிவறையைப் பயன்படுத்துவதற்கு 10, படிக்கட்டு ஏறி இறங்குவதற்கு 10. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் சமதளத்தில் நடப்பதற்கும் மட்டும் தலா 15. இடம் மாறத் தெரிந்தால்தான் மற்றவற்றில் பாதியாவது செய்ய முடியும் என்பதால் இந்த இரண்டுக்கும் கூடுதல் எடை கொடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. பொதுவாக 60-ஐத் தாண்டிவிட்டவர், எல்லாவற்றுக்கும் பிறரை நம்பியிருக்கும் நிலையிலிருந்து சிறிது உதவியோடு தானே செய்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார் என்று கொள்வார்கள்.

இந்த அளவுகோலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கையால் தொட்டு உதவாவிட்டாலும், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தால் அந்தச் செயலுக்கு முழு மதிப்பெண் கிடையாது. "அப்பா தானாகக் குளித்துவிடுகிறார், நான் கதவருகே நின்றால் போதும்" என்று மகள் மகிழ்ச்சியோடு சொல்வார். மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் அளவுகோலின் கணக்கில் அவர் இன்னும் தனியாகக் குளிப்பவர் ஆகவில்லை. ஒரு செயலை முடிக்க முடிவதற்கும், ஆள் இல்லாமல் முடிக்க முடிவதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பெரும்பாலான விழுதல்கள் நடக்கின்றன. முழுதாக 100 வாங்கியவர்கூடத் தனியாக வாழத் தகுதியானவர் என்று பொருள் அல்ல என அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். சமைப்பதும் வீட்டைப் பராமரிப்பதும் வெளியாட்களோடு பழகுவதும் அந்தப் பத்துக்குள் அடங்கவில்லை.

யார் அதிகம் விழுகிறார் என்று கேட்டால், மிகவும் முடியாதவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையிலேயே இருப்பவருக்கு விழும் வாய்ப்பே குறைவு. எழுந்தால்தானே விழ முடியும்? நன்றாகத் தேறியவரும் அதிகம் விழுவதில்லை. நான் பார்த்தவரை, இருவருக்கும் நடுவில் இருப்பவருக்கே ஆபத்து அதிகம்: பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான்கு அடி வைக்கிறார், "நானே போய்க்கொள்கிறேன்" என்று சொல்லும் தைரியமும் வந்துவிட்டது. முன்னேற்றம் வரும்போது கவனத்தைக் குறைக்காமல் கூட்ட வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குப் புரியவைப்பதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி.

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கால் பலவீனம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதிலும் கணுக்காலை மேலே மடக்கும் தசை சரியாக இயங்காததால் பாதத்தின் நுனி தொங்கிவிடும். அடி எடுக்கும்போது விரல்கள் தரையைத் தேய்க்கும். வாசற்படி, கால்மிதி, தரையில் கிடக்கும் மின்கம்பி எல்லாம் அப்போது தடையாகிவிடுகின்றன. இதற்குக் கணுக்கால் தாங்கி உதவும்.

கண்ணுக்குத் தெரியாத காரணங்கள்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால், தரை எங்கே இருக்கிறது என்பதைக் கால் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் பகலில் நன்றாக நடப்பார், விளக்கை அணைத்தால் தடுமாறுவார். நின்றபடி முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடும் அந்தச் சில நொடிகளில் அவருக்குப் பிடிமானம் எதுவும் மிச்சமில்லை. குளியலறையில் ஈரம் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். மூடிய கண்ணும் ஆபத்துதான்.

இன்னொன்று, ஒரு பக்கத்தையே மறந்துவிடும் நிலை. மூளையின் வலது பாதியில் பாதிப்பு வந்தவர்களிடம் இது அதிகம். கண் பார்வை இருக்கிறது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லை. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் வைக்கவில்லையா?" என்று கேட்பார், பொரியல் இடது ஓரத்தில் தொடாமல் இருக்கும். அவர் கவனக்குறைவாக இருக்கிறார் என்றோ பிடிவாதம் பிடிக்கிறார் என்றோ வீட்டில் கோபப்படுகிறார்கள். அவர்மேல் கோபப்பட வேண்டாம். அவருடைய உலகத்தில் அந்தப் பாதி இல்லை. நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். நாற்காலியில் உட்காரும்போது இடது கை வெளியே தொங்கும். சக்கர நாற்காலியின் இடது பக்க பிரேக்கைப் போடாமலே எழுந்துவிடுவார்.

வலது மூளை பாதித்தவர்களில் சிலர் தங்களுக்குக் குறை இருப்பதையே உணர்வதில்லை. பேச்சு தெளிவாக இருக்கும், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று உறுதியாகச் சொல்வார்கள், குடும்பமும் நம்பிவிடும். இடது மூளை பாதித்தவர்களில் பலருக்கு இதற்கு நேர்மாறான துன்பம். எழ முடியாது என்று தெரியும், ஆனால் உதவிக்குக் கூப்பிட வார்த்தை வராது. கையெட்டும் தூரத்தில் ஒரு பித்தளை மணியை வைத்துவிட்டால் அந்தத் துன்பம் பாதியாகக் குறையும். எத்தனையோ வீடுகளில் பூஜை மணியே அந்த வேலையைச் செய்திருக்கிறது.

கவனம் சிதறுவதும் காரணம்தான். நமக்கு நடை தானாக நடக்கிறது. அவருக்கு ஒவ்வோர் அடியும் யோசித்து எடுக்க வேண்டிய வேலை. ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் மிக எளிய ஒரு சோதனை செய்து 1997-இல் வெளியிட்டார்கள். நடந்துகொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்திருந்தார்கள். பக்கவாத நோயாளிகளிடமும் இதை நான் கவனிக்கிறேன். அவர் நடக்கும்போது, "மாத்திரை சாப்பிட்டீர்களா? போனில் யார்?" என்று கேட்காதீர்கள். உட்கார்ந்த பிறகு கேட்கலாம்.

மருந்தையும் மறக்கக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். தூக்க மாத்திரை நடுராத்திரியில் காலைத் தள்ளாட வைக்கும். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அழுத்தம் ஏறினால் மறுபடியும் பக்கவாதம் வரலாம். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் கால் தொங்க ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்பது நல்ல பழக்கம்.

இந்த அபாயத்தை அளக்க எளிய சோதனைகள் இருக்கின்றன. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது ஒன்று. சுமார் 14 நொடிக்கு மேல் போனால் கூடுதல் கவனம் தேவை என்று எடுத்துக்கொள்வோம். கனடாவில் கேத்தரின் பெர்க் உருவாக்கிய சமநிலை அளவுகோலில் 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண். 45-க்குக் கீழே வந்தால் எச்சரிக்கை என்பது பழைய வழக்கம், ஆனால் அந்த எண்ணைத் தாண்டியவரும் விழுவார். எண்கள் மருத்துவமனையின் வெளிச்சத்தில், வழுக்காத தரையில் எடுத்தவை. உங்கள் வீட்டுப் பின்கட்டு அந்தச் சோதனையில் சேரவில்லை.

அதனால் வீட்டுக்கு வருவோம். கழிவறையில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன்.

நம் வீடுகளில் பல இடங்களில் இன்னும் குந்தி உட்காரும் கழிவறைதான். குந்திய நிலையிலிருந்து எழ இரண்டு முழங்காலும் ஒரே அளவு உழைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வேலை செய்பவர் எழும்போது பாதித்த பக்கம் சாய்ந்துவிடுவார். உட்காரும் வகைக் கழிவறை கட்ட வசதி இல்லாவிட்டால், நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலியை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. கைப்பிடிக் கம்பியை நல்ல கை எட்டும் பக்கச் சுவரில் பதிக்க வேண்டும். துண்டு போடும் கம்பி, குழாய், வாளியின் விளிம்பு எதுவும் ஆளின் எடையைத் தாங்காது. கழிவறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வைக்கப் பழக்குங்கள்.

யாரும் வெளியே சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நாம் இடது கையால் கழுவுகிறோம், வலது கையால் சாப்பிடுகிறோம். இடது கை செயலிழந்தவர் சாப்பிடும் கையாலேயே கழுவ வேண்டியிருக்கிறது. அதில் அவருக்குப் பெரிய கூச்சம். மனைவியிடமோ மருமகளிடமோ உதவி கேட்பது அதைவிடக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் அவசரமாக முடித்துவிட்டு எழப் பார்ப்பார், அங்கேதான் சறுக்கும். சிலர் கழிவறைக்கே போக வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் சேர்ந்துகொள்கின்றன. கைப்பிடியுள்ள தண்ணீர்ப் பீச்சி ஒன்றை நல்ல கை பக்கம் பொருத்திவிட்டால் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்கிறது. அதன் விலையைக் காட்டிலும் அது திருப்பித் தரும் மானம் மிகப் பெரியது.

சிறுநீரை அடக்க முடியாமல் அவசரமாக எழுவதும் இரவில் விழ வைக்கும் முக்கியக் காரணம். படுக்கைக்குப் போகும் முன் ஒரு முறை, நடுராத்திரி வழக்கமாக எழும் நேரத்துக்குச் சற்று முன் ஒரு முறை கூட்டிப் போனால் ஓட்டம் தேவையில்லை. ஆண்களுக்குக் கட்டிலருகே சிறுநீர்க் குடுவை வைக்கலாம். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும்.

குளிப்பது உட்கார்ந்துதான். லேசான பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம், ஈரத்தில் நகரும். கைப்பிடியும் ரப்பர் காலும் உள்ள கனமான நாற்காலி வேண்டும். வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு குவளைக்கும் குனிய வேண்டும், ஆகவே வாளியை நல்ல கை பக்கம் ஓர் உயரமான பலகையின்மேல் வையுங்கள். உடுத்துவதும் உட்கார்ந்துதான். சட்டையோ கால்சட்டையோ போடும்போது பாதித்த கை, கால் முதலில் நுழைய வேண்டும்; கழற்றும்போது அவை கடைசியில் வர வேண்டும். வேட்டி கட்டிப் பழகியவருக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி நல்லது. தரையைத் தொடும் வேட்டி, லுங்கி, நைட்டி எல்லாம் காலில் மாட்டும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் அளவுக்கு மடித்துத் தைத்துவிடலாம்.

கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிந்து முழங்கால் செங்கோணத்தில் மடங்கும் அளவில் இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் நடுவில் குழிந்துவிடும், பாயிலிருந்து எழுவது அதைவிடக் கடினம். பிளாஸ்டிக் நாற்காலியை எப்போதும் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதை ஊன்றி எழுபவர் எழும் வேகத்தில் அது பின்னால் வழுக்கும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு அது காயும் வரை அவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். சாதாரண ரப்பர் செருப்பு உணர்ச்சியில்லாத காலிலிருந்து கழன்றுபோனால் அவருக்குத் தெரியாது. குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்புதான் சரி.

ஊன்றுகோலைப் பாதித்த பக்கத்துக் கையில் கொடுப்பதுதான் குடும்பங்கள் அடிக்கடி செய்யும் தவறு. அது நல்ல கையில் இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டு ரேகை உயரத்தில் வரவேண்டும். முதலில் கோல், அடுத்து பாதித்த கால், அடுத்து நல்ல கால். நுனி ரப்பர் தேய்ந்துவிட்டதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். உடன் நடப்பவர் பாதித்த பக்கத்தில், அரை அடி பின்னால் நிற்க வேண்டும், ஏனென்றால் நோயாளி அந்தப் பக்கம்தான் சாய்வார். பிடிக்க வேண்டிய இடம் இடுப்பு. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிப் பல மாதம் வலிக்கும்.

இத்தனை ஆபத்தா, அவர் எழவே வேண்டாம், எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதை நான் கடுமையாக எதிர்ப்பேன். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஊட்டிவிடப்படும் கை சாப்பிடப் பழகாது, தூக்கி உட்காரவைக்கப்படும் கால் எழப் பழகாது. பயன்படாத பக்கத்தில் எலும்பும் மெலிகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு பெரும்பாலும் பாதித்த பக்கத்திலேயே ஏற்படுகிறது: விழுவதும் அந்தப் பக்கம், மெலிந்திருப்பதும் அந்தப் பக்கத்து எலும்பு. ஒரு முறை விழுந்தவருக்கு வரும் பயமும் அப்படித்தான். பயந்து நடக்காமல் இருப்பார், நடக்காததால் கால் தளரும், தளர்ந்த கால் மறுபடி விழும். சட்டைப் பொத்தானைப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருங்கள்.

பயிற்சியும் அதே செயல்களாகவே இருக்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, நின்றபடி பாதித்த காலில் எடையைச் சாய்த்து நல்ல கையால் அலமாரியிலிருந்து டம்ளரை எடுப்பது, இரண்டும் நல்ல பயிற்சி. எத்தனை முறை என்பதை அவரைப் பார்த்த இயன்முறை மருத்துவர் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கும் வசதி இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விழக்கூடும். விழுந்தவரை உடனே நாலு பேர் சேர்ந்து தூக்காதீர்கள். முதலில் பேசுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ, காலை அசைத்தால் அலறினாலோ இடுப்பு முறிந்திருக்கலாம். அப்படியே கிடத்தி 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் பலர் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார்கள், உள்ளே கசிவு ஏற்பட்டால் சில மணி நேரம் கழித்தே வெளியே தெரியும். வாய் கோணியிருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, கை புதிதாகச் சோர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்ததற்குக் காரணமே இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம்.

அடி எதுவும் இல்லையென்றால், அவரையே எழ வையுங்கள். நல்ல பக்கம் ஒருக்களித்து, நல்ல முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, எதிரே இழுத்துப் போட்ட உறுதியான நாற்காலியில் நல்ல கையை வைத்து, முழங்காலிட்டு, நல்ல காலை முன்னால் பதித்து எழ வேண்டும். விழுந்த நாளில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு மதிய வேளையில், அவர் தெம்பாக இருக்கும்போது, கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருக்க, தரையில் உட்கார்ந்து எழுவதைச் சில நாள் பழக்குங்கள். முதல் நாள் தரையைப் பார்த்ததுமே சிலர் நடுங்குவார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள்.